நாற்பத்தெட்டு வயது ஆண் நெசவாளர் ஒருவர்

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிரண் போனில் கூப்பிட்டான்.

"அந்தக் கையெழுத்து வந்துச்சா?"

"நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

"நல்லா இருக்கியா? கையெழுத்து வந்துச்சா?"

"வரல" என்றாள் லாவண்யா.

கிரண் சேத்துப்பட்டுக்காரன். எம்.பி.பி.எஸ்.ஸில் அவளுடைய வகுப்பு. இப்போது ஓஹியோவில் ஒரு மருத்துவமனையில் சம்பளமில்லாமல் ஆராய்ச்சிக்கு உதவுகிறான். அவன் அங்கிருந்தும் அவள் ஆரணியிலிருந்தும் அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறார்கள். இருவரும் நரம்பியல். செப்டம்பர் கடைசியில் மருத்துவமனைகள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கும். அதற்குப் பிறகு எதைச் சேர்த்தாலும் பார்க்க ஆளிருக்காது.

அதற்கான இரண்டு தேர்வுகளில், முதலாவதில் முன்பெல்லாம் மதிப்பெண் உண்டு. இப்போது தேர்ச்சி, தோல்வி என்பதோடு சரி. இரண்டாம் தேர்வில் அவளுக்கு நல்ல மதிப்பெண். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். எனவே ஆட்களைக் கழிக்க வேறு ஏதாவது வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் ஆய்வு வெளியீடுகள் என்று ஒரு பகுதி உண்டு. கிரணுக்கு அதில் பதினான்கு இருந்தன. லாவண்யாவுக்கு ஒன்றுமில்லை.

"பதினாலையும் நீ எழுதினியா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"எழுதறதா? பதினாலையும் படிச்சியான்னு கேளு. அதுக்கே நேரமில்ல."

அவளும் ஒன்று எழுதியிருந்தாள். அது பன்னீர்செல்வத்தின் வலது கையைப் பற்றியது.

பன்னீர்செல்வம், பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா ஜெகநாதனிடம் பாவு நூல் வாங்கிப் போய் வீட்டுத் தறியில் பட்டுச்சேலை நெய்து கொடுத்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய வலது கை தறியில் மட்டும் வராமல் போனது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றைப் பிடித்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. மணிக்கட்டு திரும்பிக்கொண்டது. கயிற்றை விட்டதும் சரியாகிவிட்டது. அந்தக் கையால் அவர் சோறு பிசைந்தார், வண்டி ஓட்டினார், கேரம் ஆடினார். அந்தக் கையால்தான் இப்போது அரிசி மில்லில் மூட்டை தைக்கிறார்.

ஒருவரும் நம்பவில்லை. ஜெகநாதன் ஆறு மாதம் பொறுத்துவிட்டுப் பாவு கொடுப்பதை நிறுத்தினார்.

லாவண்யா படிப்பை முடித்துத் தேர்வுகளுக்காக வீட்டில் உட்கார்ந்ததும் தெருவே அவளிடம் வைத்தியத்துக்கு வந்தது. அப்படித்தான் பன்னீர்செல்வமும் தூக்கத்துக்கு மாத்திரை கேட்டு வந்தார். ஏன் தூக்கமில்லை என்று அவள் கேட்டாள். அவர் கையைக் காட்டினார். அவரைத் தறியில் உட்காரச் சொல்லி வீடியோ எடுத்தாள். கல்லூரியில் தனக்குப் பாடமெடுத்த நரம்பியல் பேராசிரியைக்கு அனுப்பினாள். வேலூருக்கு அழைத்துப் போனாள். ஊசி வைத்துத் தசைகளைச் சோதித்தார்கள். அவள் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. ஒரே அசைவை வருடக்கணக்காகச் செய்த கைக்கு, அந்த அசைவில் மட்டும் வரும் நரம்புக் கோளாறு. எழுத்தர்களுக்கு வரும். வயலின் வாசிப்பவர்களுக்கு வரும். பட்டு நெசவாளருக்கு வந்ததாக அவள் தேடியவரையில் யாரும் எழுதியிருக்கவில்லை.

அவள் எழுதினாள். பிறகு பெயர்கள் சேர்ந்தன.

முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது பேராசிரியையின் மகள். வேறொரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்றாவது கிரண். நான்காவது கிரணின் அறைத்தோழன். அவன் தன் கட்டுரையில் கிரணைச் சேர்த்துக்கொள்வான். ஐந்தாவது துறைத்தலைவர், கோப்பைத் திறக்காமலே நன்று என்று பதில் அனுப்பியவர். கடைசிப் பெயர் பேராசிரியை. கடைசி என்பது மரியாதையான இடம் என்று கிரண் விளக்கியிருந்தான்.

மருத்துவ இதழிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரையில் குறையில்லை. நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வந்ததும் வெளியிடுவார்கள்.

"உங்கப்பாவோட ஆளுதானே அவரு? ஒரு கையெழுத்துக்கு இன்னா பிரச்சன?" என்றான் கிரண்.

"ரெண்டு தடவ போயிட்டேன். ஆடி மாசத்துல கையெழுத்துப் போட மாட்டாராம்."

கிரண், "இத நான் இங்க யார்கிட்ட சொல்றது?" என்றான்.

---

அரிசி மில்லுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. மத்தியான இடைவேளையில் பன்னீர்செல்வம் வந்தார். புருவத்தில்கூடத் தவிடு படிந்திருந்தது.

"வா பாப்பா. டீ சாப்புடு."

"வேணாம்ணே. அந்தக் கையெழுத்து."

"ஆடி போவட்டும்னு சொன்னேனே."

"கல்யாணமா பண்ணப் போறோம்?"

"நல்லதுக்கோ கெட்டதுக்கோ, ஆடியில நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மில்லுல வாராவாரம் கூலி வாங்கறீங்களே. அதுக்கு?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு படிவத்தை வாங்கினார். லாவண்யா அதைத் தமிழில் எழுதியிருந்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு முறையும் அவர் அதை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. இந்த முறை ஒரு வரியில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"'எனது பெயரோ முகமோ என்னை அடையாளம் காட்டும் தகவலோ வெளியிடப்படாது என்பதை அறிவேன்.' இது இன்னா பாப்பா?"

"அது உங்க பாதுகாப்புக்குண்ணே. உங்களுக்கு இன்ன நோய்னு வெளியாளுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"வெளியாளுக்குத் தெரியணும்னுதான் நான் வேலூருக்கே வந்தேன்."

ஆடி மாதச் சாக்கை மட்டும்தான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"எம் பொண்டாட்டி செய்யாறுல ஷூ கம்பெனிக்குப் போறா" என்றார் பன்னீர்செல்வம். "விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ்சு. தெருவுல எல்லாரும் பாக்கறாங்க. அவ அண்ணன் ஜெயக்குமாரு தேவிகாபுரத்துலருந்து வர்றான். வந்து, வூட்டுக்குள்ள வர மாட்டான். கேரம் ஆடற எடத்துல வந்து நின்னுகினு, 'இன்னா மாப்ள, இங்க மட்டும் வெரலு மடங்கலியா'ன்றான். பசங்க சிரிக்கறானுங்க. அவ ஒண்ணும் கேக்கறதில்ல. கேட்டாகூடப் பரவால்ல."

"வேலூர் ரிப்போர்ட்ட அவங்ககிட்ட காட்டலாம்ல."

"காட்டனேன். நாலு வரி இங்கிலீஷு. கடைசி வரியில மருந்து எதுவும் தரலன்னு இருக்குதாம். ஜெயக்குமாரு எவன்கிட்டயோ படிக்கச் சொல்லிக் கேட்டுகினு வந்துட்டான். மருந்தே குடுக்கலன்னா நோவே இல்லன்றான். நீ எழுதறது புத்தகத்துல வரும்ன. அது வேற. என் பேரு, என் போட்டோ, என் கையி. லேமினேஷன் போட்டு வெச்சுக்குவேன்."

"அண்ணே, நோயாளி பேரப் போட மாட்டாங்க. எந்த நாட்டுலயும் போட மாட்டாங்க."

"இதுல ஆறு பேரு இருக்குதே."

படிவத்தோடு கட்டுரையின் முதல் பக்கத்தையும் அவள் வைத்திருந்தாள். வைத்திருக்க வேண்டியதில்லை.

"அவங்க டாக்டருங்க."

"யார் யாரு என் கையப் பாத்தாங்க?"

"நான் பாத்தேன். மேடம் வீடியோவுல பாத்தாங்க."

"மிச்சம் நாலு பேரு?"

வேண்டாம் என்று சொன்ன டீ வந்திருந்தது. லாவண்யா அதை எடுத்துக் குடித்தாள்.

"ஆடிக் கூழுக்கு நோட்டீஸ் அடிக்கறோம்" என்றார் அவர். "வெறகு குடுத்தவன் பேரு வருது. பந்தலுக்குக் கயிறு குடுத்தவன் பேரு வருது. நான் கையவே குடுத்திருக்கேன்."

"அது நோட்டீசுண்ணே."

"இது இன்னா?"

"கடைசியில நன்றின்னு ஒரு வரி வரும். அதுல நோயாளிக்கு நன்றின்னு போடறேன். பேரு இல்லாம."

"பேரு இல்லாம யாருக்கு நன்றி சொல்லுவ?" அவருக்குக் கோபம் இல்லை. பேரம் பேசுகிற குரலில்தான் சொன்னார். "ஒண்ணு பண்ணு. ஏழாவதா என் பேரையும் போட்டுடு. டாக்டருன்னு போட வேணாம். பன்னீர்செல்வம், ஆரணி. அவ்ளோதான்."

"போட்டாலும் அந்த நோயாளி நீங்கதான்னு யாருக்கும் தெரியாதுண்ணே."

"தெரியற மாதிரி போடு."

"அதைத்தான் போடக் கூடாதுன்னு சொல்றேன்."

"அப்ப நான் எதுக்குப் பாப்பா கையெழுத்துப் போடணும்?"

மில்லிலிருந்து யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படிவத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

---

வீட்டுக்கு வந்தபோது பேராசிரியையின் செய்தி வந்திருந்தது. மகளின் பெயரில் இனிஷியல் தவறாக இருக்கிறது, உடனே திருத்தவும். ஒப்புதல் கிடைத்ததா என்று கேட்கவில்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. லாவண்யா இனிஷியலைத் திருத்தினாள்.

கிரண் ஒரு யோசனை சொன்னான். "நீயே போட்டுடு. எவன் ஆரணிக்கு வந்து பாக்கப் போறான்? பெருவிரல் ரேகை வெச்சா இன்னும் நல்லது. நெசவாளின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்குவாங்க."

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதனாலதான் இவ்வளவு தொல்லையே."

"இது ஜர்னலுக்குத் தெரியாதே."

"இது போனா உனக்கென்ன? உனக்குப் பதினாலு இருக்கு."

"பதினஞ்சுன்னு ஏற்கனவே போட்டுட்டேன்" என்றான் கிரண்.

அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் பன்னீர்செல்வம் என்று மூன்று முறை எழுதிப் பார்த்தாள். மூன்றும் அவளுடைய எழுத்தாகவே இருந்தன. கிழித்துப் போட்டாள்.

சாப்பிடும்போது ஜெகநாதனே பேச்சை எடுத்தார். மகள் அமெரிக்கா போவது கடையில், சங்கத்தில், வங்கியில் எல்லாருக்கும் தெரியும். எப்போது என்று கேட்கிறவர்களுக்கு அவர் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்துக்கு ஏம்மா இந்தப் பேஜாரு? நான் சொன்னா போட்டுட்டுப் போறான்."

"வேணாம்ப்பா. நீங்க சொன்னா பயந்துகினு போடுவாரு. அதுக்குப் பேரு ஒப்புதல் இல்ல."

"பயப்பட அவன் இப்ப எங்கிட்டயா நெய்யறான்?"

"அப்ப வேற ஒண்ணு செய்ங்க. அவரு நடிக்கலன்னு நீங்க நாலு பேரு முன்னால சொல்லுங்க. அவருக்கு வேண்டியது அதுதான். பேரு வர்லன்னாகூடக் கையெழுத்துப் போட்டுடுவாரு."

ஜெகநாதன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எத்தன தறி நம்புளுக்கு ஓடுதுன்னு தெரியுமில்ல? ஒருத்தனுக்குத் தறியில மட்டும் கை வராதுன்னு நானே என் வாயால சொன்னா, தீபாவளி ஆர்டரு நேரத்துல எவனெவனுக்கு எது எது வராமப் போவும் தெரியுமா?"

"அது ஒட்டுவாரொட்டி இல்லப்பா."

"இந்த நோவு ஒட்டும்."

"நீங்க அவரத் தறியில பாத்தீங்க இல்ல? வெரலு மடங்கறத?"

"பாத்தேன். கேரம் ஆடறதையும் பாத்தேன்."

அம்மா கன்னியம்மாள் ரசம் ஊற்ற வந்தாள். "அந்தாளு கைய எழுதினாத்தான் சீட்டு குடுப்பாங்களா? இத்தன மார்க்கு வாங்கினியே, அது பத்தாதா?"

"பத்தாதும்மா."

"அப்ப மார்க்கு எதுக்கு?"

"அது இல்லன்னா இதையும் பாக்க மாட்டாங்க."

கன்னியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பார்த்தார். லாவண்யா பாதியில் எழுந்து கை கழுவினாள்.

---

ஆடி முடிந்த வாரம் ஒரு நாள் காலை, சாப்பாட்டு மேசை மேல் படிவம் இருந்தது. அவளுடைய மேசையிலிருந்து ஜெகநாதன் எப்போது எடுத்துப் போனார் என்று தெரியவில்லை. கீழே பன்னீர்செல்வத்தின் கையெழுத்து. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டது. ஆவணியில் ஒரு தேதி.

"எப்படிப்பா?"

"சொன்னேன். போட்டான்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு ஜல்தியா வேணும்னியே. அனுப்பிடு."

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். அவர் செருப்பை மாட்டி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் கேட்டிருக்கலாம். வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பினாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் கட்டுரை வெளியானது. விண்ணப்பத்தில் வெளியீடுகள் என்ற பகுதியில் அதைச் சேர்த்தாள். தலைப்பு, இதழ், ஆறு பெயர்கள், அவற்றில் தன்னுடையது முதலாவது. சேமித்தாள். கிரணைக் கூப்பிட்டாள்.

"சந்தோஷம்" என்றான். "ஆனா ஒண்ணுதானே. இந்த வருஷம் நரம்பியலுக்குச் சராசரியே எட்டுன்னு குரூப்புல பேசிக்கறாங்க."

"நீதானே இது இல்லன்னா எடுத்துக்கூடப் பாக்க மாட்டாங்கன்ன?"

"ஆமா. இது இல்லன்னா பாக்க மாட்டாங்க. இருந்தா பாப்பாங்கன்னு சொன்னேனா?"

அவள் போனை வைத்தாள். அவன் மறுபடி கூப்பிட்டான். அவனுடைய அறைத்தோழனின் கட்டுரை ஒன்று இருக்கிறது, முதுகுத்தண்டைப் பற்றியது, ஐந்தாவது இடம் காலி, வேண்டுமா என்று கேட்டான். முதுகுத்தண்டில் என்ன என்று அவள் கேட்டாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

---

ஜெகநாதன் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். இது லாவண்யாவுக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டைக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே அதைப் பார்த்தாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில், சேலை பார்க்க உட்காருகிறவர்களின் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இத ஏம்ப்பா இங்க மாட்டினீங்க?"

"எதுக்கு எழுதின? நாலு பேரு பாக்கத்தானே?"

நெய்த சேலைகளைக் கொடுக்க வந்த இரண்டு நெசவாளர்கள் மெத்தை ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜெகநாதன் ஒரு சேலையைப் பிரித்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பன்னீர்செல்வம் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, தலை வாரியிருந்தது. பின்னால் அவருடைய மனைவி சூர்யகலா. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. காலை ஷிப்ட் முடிந்து பஸ்சிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய அண்ணன்.

"வந்துடுச்சாமே முதலாளி. மில்லுல சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லலியே."

"வா பன்னீரு, உக்காரு. டீ சொல்றேன்."

பன்னீர்செல்வம் உட்காரவில்லை. சட்டத்தின் முன்னால் போய் நின்றார். ஆதார் அட்டையில் தன் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடி மேல் விரலை வைத்து முதல் பெயரிலிருந்து தொடங்கினார். ஆறாவது பெயர் வரை போனார். மறுபடி முதலுக்கு வந்தார்.

"போட்டோ பின்பக்கமா, பாப்பா?"

லாவண்யா அப்பாவைப் பார்த்தாள். அவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரி சும்மா சட்டத்துக்கு எழுதறது, பேரும் போட்டோவும் கண்டிப்பா வரும்னீங்களே முதலாளி. வூட்டுக்கு வந்து சொன்னீங்களே. அதுக்கப்புறம்தானே போட்டேன்."

லாவண்யா டிபன் கேரியரைக் கீழே வைத்தாள்.

"இன்னா மாப்ள" என்றான் ஜெயக்குமார். "தறியில வெரலு மடங்கிச்சு. இதுல பேரே மடங்கிடுச்சா?"

"நீ சும்மா இருண்ணா" என்றாள் சூர்யகலா. லாவண்யாவிடம் திரும்பினாள். "பேரு கெடக்கட்டும். இதுல இன்னா எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லு."

லாவண்யா சட்டத்தின் பக்கத்தில் போய் நின்றாள். சுருக்கவுரை என்று தொடங்கும் பத்தி. எத்தனையோ தடவை திருத்திய பத்தி. உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"'நாற்பத்தெட்டு வயது ஆண் நெசவாளர் ஒருவர். பல ஆண்டுகளாகக் கைத்தறியில் பட்டு நெய்தவர். தறியில் உட்காரும்போது மட்டும் வலது கை விரல்கள் தாமாக மடங்குகின்றன. மற்ற எல்லா வேலைகளையும் அந்தக் கை செய்கிறது.'"

"இதத்தான் நானும் சொல்றேன்" என்றான் ஜெயக்குமார்.

அடுத்த வரியில் அவள் நின்றாள். சூர்யகலா காத்திருந்தாள்.

"'அவர் நடிப்பதாக வேலை கொடுத்தவரும் குடும்பத்தாரும் கருதினர்.'"

மெத்தை ஓரம் உட்கார்ந்திருந்த இருவரும் தலை நிமிர்ந்தார்கள். ஜெகநாதன் சேலையை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக விழவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

"'சோதனையில் இது நரம்பு நோய் என்று உறுதியானது. நோயாளி நடிக்கவில்லை.'"

"கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லு" என்றாள் சூர்யகலா.

"நோயாளி நடிக்கவில்லை."

ஜெயக்குமார் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "சரிம்மா. அந்த நோயாளி யாரு?"

"இவருதாங்க. பேரு போடக் கூடாது, அதான் இல்ல. நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

"நீ எழுதின, சரி. நீ அமெரிக்கா போவணும்னா இந்த மாதிரி எதையாவது எழுதி அச்சுல காட்டணுமாமே. உங்கப்பாதான் கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்காரு. உனக்கு வேணும், நீ எழுதிகின. அதுல எவனோ ஒரு நெசவாளி. நாப்பத்தெட்டு வயசுல காஞ்சிபுரத்துல ஆளே இல்லியா?"

"ஆறு பேரு சேர்ந்து எழுதினதுங்க இது. எல்லாரும் டாக்டருங்க."

"அந்த ஆறு பேர்ல ஒருத்தர் இங்க வந்து, இவருதான்னு சொல்லுவாரா?"

"அதான் நான் சொல்றேனே."

"நீ சொல்லுவம்மா. நீ சொல்லாம யாரு சொல்லுவா?"

லாவண்யா சொல்லக்கூடியதெல்லாம் அவள் தனக்காக அனுப்பும் விண்ணப்பத்தில் ஏற்கனவே இருந்தது.

சூர்யகலா இப்போது அவளைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்திருந்த ஜெகநாதனைப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு நெசவாளர்களும் அவரைப் பார்த்தார்கள். சேலை ஒருவாறு மடிந்து அவர் மடியில் இருந்தது.

பன்னீர்செல்வம் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார். வலது கை. விரல்கள் நேராக இருந்தன.

"முதலாளி, நீங்க சொல்லுங்க. இதுல இருக்கறவன் நான்தானே?"